பூங்கா இல்லாத பூங்கா நகரில் தாத்தாவின் மேடையைத் தேடினேன்

சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் மின்சார ரயில் நிலையத்துக்கு 'சென்னை பூங்கா' என்று பெயர். பக்கத்திலேயே பறக்கும் ரயிலுக்கு ஒரு நிலையம், அது 'பூங்கா நகர்'. பல வருஷம் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய் வந்தேன். பூங்கா எங்கே என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. யோசித்த பிறகு எட்டு மாதமும் 68,300 ரூபாயும் போனது. அந்தச் சமயத்தில் யாராவது ஒருவர் கையைப் பிடித்து நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதி மிஞ்சியிருக்கும். ஊர்ப் பூங்கா, பழைய நாடக மேடை, கோவில் குளம் என்று ஏதோ ஒன்றின் கதையைத் தனியாகத் தேடி எழுத நினைக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எல்லாம் என் அம்மாவின் அப்பாவில் தொடங்கியது. தாத்தா 1924இல் பிறந்தவர். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். 1985 மே 30ஆம் தேதி மார்க்கெட் எரிந்தபோது கடையும் எரிந்தது. எனக்கு அப்போது ஆறு வயது. அதற்கப்புறம் திண்ணையில் உட்கார்ந்து பழங்கதை சொல்வதுதான் அவருக்கு வேலை. அதில் அடிக்கடி வரும் ஒன்று: "பார்க்குல ராவெல்லாம் நாடகம் நடக்கும் கண்ணு. தலைக்கு மேல கூரையே கிடையாது. வானம்தான்." எந்தப் பார்க், எந்த மேடை என்று நான் கேட்டதில்லை. அவர் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன வருஷம் பொங்கல் விடுமுறையில் அம்மா அதே வாக்கியத்தை அதே குரலில் சொன்னபோது, அந்த மேடையைக் கண்டுபிடித்து ஒரு சிறு புத்தகமாகப் போட்டு, ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினத்துக்குச் சொந்தக்காரர்களுக்கும் ஆர்வமுள்ளவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். வரலாறு படித்தவள் இல்லை. ஆசை மட்டும்தான் கையில் இருந்தது.

பூங்காவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அதன் பெயர் பீப்பிள்ஸ் பார்க். 1859இல் சென்னை கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், ஊர் மக்கள் காற்று வாங்க ஒரு பெரிய பூங்கா வேண்டும் என்று போட்ட திட்டம் அது. 116 ஏக்கர். 11 குளங்கள். உள்ளே மட்டும் ஐந்தரை மைல், அதாவது கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் பாதை. பொதுக் குளியலிடம், மிருகக்காட்சி சாலை, பேண்டு வாத்தியம் வாசிக்க ஒரு மேடை. 116 ஏக்கரை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்த்தேன், சுமார் 2,100 கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி). இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு கிரவுண்டு என்ன விலை போகும் என்று நினைத்தால் அந்தக் காலத்தின் தாராளம் புரியும். அது எப்படித் துண்டு துண்டாகப் போனது என்பதும் புரியும். விக்டோரியா பப்ளிக் ஹால் கட்ட 57 கிரவுண்டு, 99 வருஷக் குத்தகைக்கு, கிரவுண்டுக்கு எட்டணா வாடகை. 1900இல் மூர் மார்க்கெட். 1913இல் ரிப்பன் மாளிகை. பின்னால் நேரு ஸ்டேடியம். 1956இல் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் அடித்தது இந்தப் பூங்கா மண்ணில்தான். மிருகக்காட்சி சாலை 1985இல் வண்டலூருக்குப் போய்விட்டது. மூர் மார்க்கெட் எரிந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. மிச்சம் இருப்பது மை லேடீஸ் பூங்காவும் ஊர்ப் பெயரும்தான். தாத்தாவின் கடை எரிந்ததும் உயிர் காலேஜ் காலியானதும் ஒரே வருஷம் என்று தெரிந்த அன்றைக்கு ரொம்ப நேரம் வேறு எதுவும் படிக்க முடியவில்லை.

உயிர் காலேஜ் என்றேன் இல்லையா, இங்கே நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல்தான் முதல் இரண்டு மாதம் வீணானது. பழைய மெட்ராஸ்காரர்கள் மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்பார்கள், எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள். விக்டோரியா ஹாலை டவுன் ஹால் என்பார்கள். இன்றைய ஈ.வெ.ரா. பெரியார் சாலை, அன்றைக்குப் பூந்தமல்லி ஹை ரோடு. ராஜா முத்தையா சாலை, சைடன்ஹாம்ஸ் ரோடு. நான் நூலகப் பட்டியல்களில் 'மக்கள் பூங்கா', 'திறந்தவெளி அரங்கு' என்று இன்றைய தமிழில் தேடிக்கொண்டிருந்தேன். அந்தச் சொற்களை அந்தக் காலத்தில் யார் எழுதினார்கள்? எதுவும் கிடைக்காது, கிடைக்கவும் இல்லை. தேடத் தொடங்குமுன் ஒரு தாளில், அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர், பத்திரிகைத் தமிழில் என்ன, தெருப் பேச்சில் என்ன, சுற்றியிருக்கும் தெருக்களின் பழைய பெயர் என்ன என்று எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எழுத்துக்கூட்டல் மாறுவதையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு இப்போது அந்தத் தாளில் முப்பத்தொரு பெயர் இருக்கிறது.

அடுத்த தவறு, பெரிய புத்தகத்தைக் கண்டு மலைத்தது. சென்னை வரலாறு என்றாலே எல்லோரும் சொல்வது ஹென்றி டேவிசன் லவ் எழுதிய தடித்தடியான தொகுதிகளை. 1913இல் வந்தவை. நான் நான்கு சனிக்கிழமை உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பூங்காவைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏனென்றால் அந்த நூல் 1640இல் தொடங்கி 1800இல் முடிகிறது. நம் பூங்காவோ 1859. மதிப்பான நூல்தான், ஆனால் என் காரியத்துக்கு அது இல்லை. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அது எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை பேசுகிறது என்பதை முதலில் பாருங்கள். சின்ன விஷயம், நான்கு சனிக்கிழமை.

அப்புறம் அரசு ஆவணங்கள். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909இலிருந்து அந்த இடத்தில் இருக்கிறது, 17ஆம் நூற்றாண்டுத் தாள்கள்கூட அங்கே உண்டு. இப்படிப்பட்ட இடத்துக்குப் போய் "பீப்பிள்ஸ் பார்க் ஃபைல் வேண்டும்" என்று கேட்டால் யாராலும் எடுத்துத் தர முடியாது. அங்கே ஒவ்வொன்றும் துறை, அரசாணை எண், தேதி என்ற மூன்றில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. முதலில் அந்தந்த வருஷத்தின் இண்டெக்ஸ் தொகுதியை வாங்கிப் பார்த்து, எண்ணைக் குறித்து, அதன் பிறகே சீட்டு எழுத வேண்டும். துறைப் பெயரும் காலத்துக்குக் காலம் மாறும். முனிசிபாலிட்டி விஷயங்கள் ஒரு காலத்தில் 'லோக்கல் அண்டு முனிசிபல்' துறையில் இருக்கும், பிறகு 'லோக்கல் செல்ஃப் கவர்ன்மெண்ட்' துறைக்குப் போய்விடும். பூங்காவில் கட்டடம் வந்தால் பொதுப்பணித் துறை, ரயில்வே இடம் கேட்டால் அது வேறு கட்டு. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஆராய்ச்சி நோக்கத்தைச் சொல்லும் கடிதம், அடையாள அட்டை, புகைப்படம், இரண்டு பென்சில் கையோடு இருக்கட்டும். பேனாவைப் பழைய தாள் பக்கத்தில் விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. நான் கடிதம் இல்லாமல் ஒரு அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தேன். மூன்றாவது முறை, "தனிப்பட்ட ஆளுக்கெல்லாம் தர முடியாதும்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று அழுதேன். சம்பளத்தை விட்டு லீவு போட்டு வந்த நாள் அது. கடைசியில் எங்கள் பகுதிக் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் ஒரு பேராசிரியையைப் போய்ப் பார்த்தேன், பத்து நிமிஷத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தார். இதை முதல் வாரமே செய்திருக்கலாம். ஆவணங்களுக்காக மட்டும் மொத்தம் 11 நாள் சம்பளம் போனது. கணக்குப் போட்டால் 16,000 ரூபாய்.

இவ்வளவும் பூங்காவுக்கு. மேடைதான் அகப்படவே இல்லை. விக்டோரியா ஹாலைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை அங்கேதான் நாடகம் போட்டது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசி மேடையேறிய காலம் அது, அவரே தன் நாடக மேடை நினைவுகளை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். சென்னையில் முதன்முதலாகச் சலனப்படம் காட்டியதும் அந்த ஹாலில்தான். ஆனால் அது நான்கு சுவரும் கூரையும் உள்ள கட்டடம். தாத்தா சொன்னது வானம். வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடைக் கொட்டகை இருந்தது, அதற்கும் கூரை உண்டு. அப்படியானால் பூங்காவின் பேண்டு மேடைதான் தாத்தாவின் மேடையாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு ஆதாரமும் இல்லை. ஆசை இருந்தது, ஆகஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பழம்பொருள் வியாபாரி, "மெட்ராஸ் பீப்பிள்ஸ் பார்க் பேண்டு ஸ்டாண்டு" என்று ஒரு பழைய போஸ்ட் கார்டின் படத்தைப் போனில் அனுப்பினார். எட்டுப் பக்கம் கொண்ட இரும்பு மேடை, மெல்லிய தூண்கள், சுற்றிலும் மரங்கள். பார்த்ததும் மயிர் சிலிர்த்தது. தாத்தா இங்கேதான் உட்கார்ந்திருப்பார் என்று அம்மாவிடம் காட்டினேன், அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார். வியாபாரி 6,500 ரூபாய் கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தேன். அட்டையின் பின்பக்கத்தைக் காட்டுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அதையே அட்டைப்படமாகப் போட்டு, 64 பக்கத்தில் 500 பிரதி ஆஃப்செட்டில் அடித்தேன். 41,000 ரூபாய். அச்சகத்தில் "ஐநூறுக்குக் கீழே போனால் ஒரு பிரதிக்கு விலை ஏறிடும் மேடம்" என்றார்கள். சரி என்று தலையாட்டினேன்.

ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை. தெரிந்தவர்கள் பதினாறு பேரை அழைத்துக்கொண்டு, புத்தகத்தைக் கையில் கொடுத்து, சென்ட்ரலிலிருந்து நடக்கத் தொடங்கினேன். யாரோ கூட்டி வந்த பெரியவர் ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர். ரிப்பன் மாளிகை நிழலில் நின்றபோது கண்ணாடியைக் கழற்றி அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. இது நம்ம பார்க் இல்லையே. பெங்களூரு கப்பன் பார்க் மாதிரி இருக்கு. நான் அங்க அஞ்சு வருஷம் வேலை பார்த்தேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது. அங்கேயே ஒரு பையன் போனில் கப்பன் பூங்காவின் பேண்டு ஸ்டாண்டுப் படத்தை எடுத்துக் காட்டினான். அதே எட்டுப் பக்கம், அதே தூண், அதே கூரை விளிம்பு. எனக்குக் காது அடைத்துப்போனது. பதினாறு பேர் கையிலும் பதினாறு பொய். மிச்சம் 484 வீட்டுக் கூடத்தில் கட்டுக்கட்டாக இருந்தது.

படம் வாங்கப் போகிறவர்களுக்கு: முதலில் போனில் அந்தப் படத்தை வைத்தே இணையத்தில் தேடிப் பாருங்கள், ஒரு நிமிஷ வேலை. பின்பக்கத்தைக் கேளுங்கள், அச்சிட்ட நிறுவனத்தின் பெயரோ தபால் முத்திரையோ பாதிக் கதையைச் சொல்லிவிடும். படத்தில் ஏதாவது ஒரு அசையாத அடையாளம், கோபுரமோ கட்டடத்தின் விளிம்போ, அந்த ஊரில் இன்றும் நிற்கிறதா என்று பார்க்காமல் ஊர்ப் பெயரைப் போடாதீர்கள். வியாபாரி பணத்தைத் திருப்பித் தரவில்லை. "நான் வாங்கும்போது அப்படித்தான் சொன்னாங்க" என்பதே பதில்.

இரண்டு வாரம் அந்தக் கட்டுகளைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். அவர் வீட்டுக் கூடத்தில் காபி குடித்துக்கொண்டே கேட்டார், "உங்க தாத்தா சொன்ன நாடகம் எந்த மாசம்?" எனக்குத் தெரியாது என்றேன். "பனி இருந்ததுன்னு சொன்னாரா?" என்றார். எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. தாத்தா எப்போதும் "தலையில மஃப்ளர் கட்டிக்கிட்டு" என்றுதான் தொடங்குவார். பெரியவர் சிரித்தார். "அப்ப அது பார்க் ஃபேர்மா, கண்காட்சி. டிசம்பர்ல நடக்கும். சின்ன வயசுல எங்கப்பா தோள்ல உட்கார்ந்து பார்த்திருக்கேன். சவுக்குக் கம்பு நட்டு, பலகை அடிச்சு, மூணு பக்கம் தட்டி கட்டுவாங்க. மேடைக்கு மட்டும் கூரை, ஜனங்களுக்கு வானம். ஃபேர் முடிஞ்சா பிரிச்சிடுவாங்க. நீங்க கட்டடத்தைத் தேடினா எப்படிக் கிடைக்கும்?"

எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான விஷயம் இது ஒன்றுதான். திறந்தவெளி மேடை என்றால் சிமெண்ட்டில் படிக்கட்டு கட்டிய அரங்கு என்று என் மனதில் ஒரு படம் இருந்தது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு கட்டட வரைபடங்களையும் திறப்பு விழாக் கல்வெட்டுகளையும் தேடினேன். நம் ஊரில் வெகுகாலம் மேடை என்பது வருஷத்தில் சில நாள் முளைத்து மறைகிற ஒன்று. திருவிழாவுக்குக் கூத்துக் களம் போடுவது போலத்தான். அதற்குத் திறப்பு விழா இல்லை, வரைபடம் இல்லை. ஆனால் தடயம் உண்டு, வேறு இடத்தில் உண்டு. நாடகத்தைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்த நாடகச் சட்டம் 1876இலேயே வந்துவிட்டது. இந்தப் பூங்காவிலேயே 1886 டிசம்பர் 31ஆம் தேதி, கண்காட்சிக் கூட்டத்தின் நடுவே கொட்டகையில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள். 1888இல் சென்னை மாகாணத்தில் பொதுமக்கள் கூடும் கேளிக்கை இடங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று தனிச் சட்டமே வந்தது. அதாவது கொட்டகை போட்டவர்கள் எங்கேயோ விண்ணப்பம் எழுதியிருப்பார்கள், பணம் கட்டியிருப்பார்கள், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருப்பார்கள். தேட வேண்டியது அதைத்தான். டிசம்பர், ஜனவரி இதழ்களை மட்டும் எடுத்துக்கொண்டு விளம்பரப் பக்கத்தைப் பாருங்கள். இந்து 1878இலிருந்தும் சுதேசமித்திரன் 1882இலிருந்தும் வந்தவை. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய தமிழ் அச்சுப் பொருட்கள் ஏராளம், நாடக நோட்டீசுகளையும் அங்கே தேடலாம். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள்.

அந்தத் தீ விபத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வேடிக்கை பார்க்க நல்ல துணி உடுத்தி வந்த ஜனங்கள், வருஷத்தின் கடைசி நாள், கீற்றுக் கொட்டகை. பூங்கா நகர் ஸ்டேஷனில் நிற்கும்போது இப்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வந்துவிடுகிறது. பூங்காவின் கதையை எழுதுகிறவர்கள் பேண்டு வாத்தியத்தையும் மலர்க் கண்காட்சியையும் எழுதிவிட்டு இதை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். என் முதல் புத்தகத்திலும் அது ஒரு வரிதான். அந்த வரிக்காகத்தான் அச்சுப் பிழைகளைவிட அதிகமாக வருத்தப்படுகிறேன்.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 116 ஏக்கர் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, இருபதாம் நூற்றாண்டுப் படத்தின் கீழேயும் அதையே போட்டிருந்தேன். அதற்குள் ஹாலுக்கும் மார்க்கெட்டுக்கும் மாளிகைக்கும் எவ்வளவோ போயிருந்தது. எந்த அளவைச் சொன்னாலும் எந்த வருஷத்து அளவு என்று கூடவே எழுதுங்கள். தேதிகளும் அப்படித்தான். மிருகக்காட்சி சாலை 1855இல் எட்வர்டு பால்ஃபர் மியூசியத் தோட்டத்தில் தொடங்கியது, பிறகு பூங்காவுக்கு மாறியது. மாறிய வருஷத்தை ஒரு இடத்தில் 1861 என்றும் இன்னொரு இடத்தில் 1863 என்றும் படித்தேன். முனிசிபாலிட்டியிடம் ஒப்படைத்தது ஒன்று, மிருகங்களைக் கொண்டுபோனது ஒன்று என்று இரண்டும் கலந்துபோகும். நான் எனக்குப் பிடித்ததை எடுத்துப் போட்டுவிட்டேன். '1860களின் தொடக்கத்தில்' என்று எழுதியிருந்தால் யாரையும் ஏமாற்றியதாகாது.

கையில் எவ்வளவு காகிதம் இருந்தாலும் ஒரு முறை நடந்து பாருங்கள். பெரியவரோடு இரண்டாம் முறை நடந்தபோது, சென்ட்ரலுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வணிக வளாகத்துக்கு முன்னால் நிறுத்தினார். மூர் மார்க்கெட் எரிந்த பிறகு கடைக்காரர்களுக்கு இடம் கொடுத்த இடம். தாத்தா அங்கே போகவில்லை, மனசு விட்டுப் போயிருந்தது. "பேரைப் படிங்க" என்றார் பெரியவர். அல்லிக்குளம். பூங்காவின் 11 குளங்களில் ஒன்று, அல்லி பூத்த குளம். தண்ணீர் போய் நாற்பது வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் பலகையில் நிற்கிறது. நான் அந்தப் பலகைக்குக் கீழே எத்தனை தடவை போன் சார்ஜர் வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் அச்சு. தயவுசெய்து முதலில் இருபது பிரதி மட்டும் டிஜிட்டல் பிரிண்டில் எடுங்கள். பிரதிக்கு விலை அதிகம்தான், ஆனால் மொத்தச் செலவு நான்காயிரத்துக்குள் முடியும். அதை அந்த இடத்திலேயே பிறந்து வளர்ந்த வயதானவர்கள் கையில் கொடுத்து, ஒரு மாதம் விட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு அடுத்ததை யோசியுங்கள். ஆஃப்செட்டுக்கு நான் கொடுத்த 41,000, போஸ்ட் கார்டுக்கு 6,500, நகல், ஆட்டோ, ரயில் எல்லாம் சேர்த்து 4,800, சம்பளம் 16,000. 484 பிரதியையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டபோது எடை நன்றாகத்தான் நின்றது. அவர் கொடுத்ததை எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை.

இதற்கெல்லாம் பிறகு, நவம்பரில், அம்மா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்ய ஏணி போட்டு ஏறினேன். பின்னால் ஒரு தகரப் பெட்டி. தாத்தாவின் வேட்டி ஒன்று, பஞ்சாங்கம் இரண்டு, நீள வாக்கில் தைத்த கணக்கு நோட்டு ஒன்று. கடையில் இருந்த நோட்டெல்லாம் எரிந்துவிட்டது, இது அதற்கு முந்தையது, வீட்டிலேயே இருந்திருக்கிறது. தேடத் தொடங்கிய அன்றைக்கே அம்மாவிடம் "தாத்தா பொருள் ஏதாவது இருக்கா" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை. நூலகம், காப்பகம், வியாபாரி என்று எல்லோரிடமும் கேட்டேன். வீட்டுப் பெட்டியை முதலில் திறங்கள், சித்தப்பா வீட்டுப் பெட்டியையும் பெரியம்மா வீட்டு அலமாரியையும் சேர்த்து.

மங்கிய நீல மை, சாய்ந்த எழுத்து. டிசம்பர் 27. ரூபாய், அணா, பை என்று மூன்று கோடு கிழித்து எழுதியிருந்தார். டிராம் 0-1-0. பார்க் பேர் டிக்கட் 0-2-0. நாடகம் 0-4-0. கடலை 0-0-6. வருஷம் எழுதியிருந்த மேல் மூலையைக் கரையான் தின்றுவிட்டது.

இப்போது புத்தகத்தை மறுபடி எழுதியிருக்கிறேன். பதினாறு பக்கம், இருபது பிரதி, நடுவில் ஸ்டேப்ளர் பின். பெரியவர் இரண்டு முறை படித்து மூன்று இடம் திருத்தினார். மேடையின் படம் இல்லை, எங்கேயும் கிடைக்கவில்லை. அட்டையில் அந்தக் கணக்கு நோட்டின் ஐந்து வரியை மட்டும் போட்டு, வருஷத்தின் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். அம்மா அதைக் கையில் வாங்கி, நாடகத்துக்கு நாலணா கொடுத்திருக்காரே என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.